தருமபுரி வானொலியில் தருமபுரி எவ்வளவு நேரம் கேட்கிறது?

கேள்வி இதுதான்: "செய்தி, பாட்டு, சமையல் எல்லாமே கைப்பேசியில் வந்துவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரி மாவட்டங்களுக்கு அரசு வானொலி இன்னும் எதற்கு? அப்படியே இருந்தாலும் அதில் என்னதான் போட வேண்டும்?"

தேவை என்பதுதான் என் பதில். ஆனால் கோபுரமும் அலைவரிசையும் இருந்தால் மட்டும் போதாது. ஸ்டுடியோவுக்கு வெளியே, இந்த மண்ணில் பதிவான குரல் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஒலிக்கிறது? உள்ளூர் நிலையத்தை நான் அதை வைத்துத்தான் மதிப்பிடுவேன். நிகழ்ச்சி எழுதிக் கொடுத்தும், ஒலிப்பதிவுக்குக் கூடவே போயும் பழகியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அகில இந்திய வானொலி மூன்று அடுக்காக இயங்குவது. டெல்லியிலிருந்து நாடு முழுக்கப் போவது ஒன்று, சென்னை, திருச்சி போன்ற பெரிய நிலையங்கள் வட்டார அளவில் தருவது இன்னொன்று, மாவட்ட அளவிலான உள்ளூர் வானொலி மூன்றாவது. இந்த மூன்றாவது அடுக்கு 1984இல் நாகர்கோவிலில்தான் முதலில் தொடங்கியது. மக்களிடம் போய் அவர்கள் பேச்சைப் பதிவு செய்து அவர்களுக்கே திருப்பிக் கேட்கவைப்பது, வட்டாரப் பேச்சுக்கு இடம் கொடுப்பது, வேண்டியபோது நிகழ்ச்சியை உடனே மாற்றிக்கொள்வது என்பதுதான் அதன் நோக்கம். நம் தருமபுரி வானொலியின் 102.5 பண்பலை அந்த வழியில் வந்ததுதான். 1997 முதல் இந்த அமைப்பு முழுவதும் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி நிறுவனத்தின் கீழ் வந்தது. விளம்பரம் வந்தால்தான் நிகழ்ச்சி என்ற கட்டாயம் இதற்கு இல்லை. அந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

வானொலிப் பேச்சு வயலில் விளைந்த கதை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் பரவியபோது, விவசாயிகள் அதை "ரேடியோ நெல்" என்றே கூப்பிட்டார்கள். விதை எப்போது விடுவது, உரம் எப்போது போடுவது என்பதையெல்லாம் அவர்கள் பண்ணைச் செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஊர் ஊராகக் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். அதே வேலையை நம் பக்கத்தில் ராகிக்கும் சாமைக்கும் மாங்காய்க்கும் செய்ய வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மானாவாரிக் கொல்லையில் எப்போது விதைப்பது என்று சொல்ல வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

இப்போது செய்தி. "கைப்பேசியில் வருகிறதே" என்கிறீர்கள். வருகிறது. ஆனால் எது வருகிறது என்று பாருங்கள். மாநிலத் தலைப்புச் செய்திகள் வரும், சினிமா வரும், அப்புறம் யாரோ எங்கேயோ எடுத்த வீடியோ வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம் பக்கம் நகர்ந்து வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடலே இல்லாத ஊரில் புயல் மழை. சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போன காட்சியை உலகமே பார்த்தது. ஆனால் அதே காலையில் அரூரிலோ போச்சம்பள்ளியிலோ இருப்பவருக்குத் தேவைப்பட்டது அந்த வீடியோ இல்லை. எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறது, எந்தத் தடத்தில் பேருந்து நிற்கிறது, எந்த ஏரி நிரம்பி வழிகிறது, பள்ளிக்கூடம் உண்டா இல்லையா, தென்பெண்ணைக் கரையில் எந்தெந்த ஊர்க்காரர்கள் மேட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் தேவைப்பட்டது. கரண்ட் போனாலும் இரண்டு பேட்டரியில் ஓடுகிற பெட்டி அந்த நேரத்தில் பெரிய துணை. எத்தனை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும் பண்பலை அலைவரிசை நெரிசலில் சிக்காது. மழை நாளில் வழக்கமான திரைப்பாட்டு நேரத்தை நிறுத்திவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை இந்தத் தகவலைச் சொல்லும் அதிகாரம் நிலையத்தில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும். வேறெங்கிருந்தோ வரும் நிகழ்ச்சியை அஞ்சல் செய்யும், அதாவது அப்படியே வாங்கி ஒலிபரப்பும், நேரமாக இருந்தாலும் குறுக்கிட முடிய வேண்டும்.

பேரிடர் இல்லாத நாளிலும் நம் ஊருக்கென்றே செய்தி உண்டு. ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மேட்டூர் அணைக் கணக்கு. பரிசல் ஓட்டுபவருக்கும், எண்ணெய் தேய்த்துவிடுபவருக்கும், மீன் வறுத்துக் கொடுக்கும் அம்மாவுக்கும் அது அன்றைய கூலி. நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை வரும், தடை வந்தால் கூட்டம் வராது. அந்த எண்ணை காலை ஆறு மணிக்கே சொல்லிவிட்டால் பெங்களூரிலிருந்து கிளம்பும் சுற்றுலாக்காரருக்கும் உதவும், பென்னாகரத்திலிருந்து வேலைக்குக் கிளம்புகிறவருக்கும் உதவும்.

மாங்காய் இன்னொன்று. கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைக்குத்தான் போகிறது. 2025 சீசனில் விலை தரைக்கு இறங்கியபோது, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலப் பெங்களூரா உள்ளே வரத் தடை போட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் எடுத்த ஒரு முடிவு. பர்கூர், வேப்பனப்பள்ளித் தோப்புக்காரர் பறிக்கலாமா, மரத்திலேயே விடலாமா என்று யோசிக்க வேண்டியதாயிற்று. இந்தச் செய்திக்கு மாநில அறிக்கையில் இரண்டு வரி கிடைத்தால் பெரிது. உள்ளூர் வானொலியில் அதற்குப் பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். தோப்புக்காரர் ஒருவர், கூழ் ஆலைக்காரர் ஒருவர், தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவர். மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தாலே நிகழ்ச்சி ஆகிவிடும்.

அப்புறம் யானை. ராகி கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டாப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகத் தேன்கனிக்கோட்டை, ஓசூர்க் காடுகளுக்கு யானைகள் வருகின்றன. எந்தக் காட்டில் எத்தனை யானை நிற்கிறது, எந்த ஊர்க்காரர்கள் இருட்டிய பிறகு கொல்லைக்குப் போக வேண்டாம் என்று வனத்துறை தினமும் சொல்லத்தான் செய்கிறது. அது வாட்ஸ்அப் குழுவில் இருப்பவருக்குத்தான் போகிறது. பரணில் காவல் இருக்கிறவருக்கு இரவு எட்டு மணி வானொலியில் சொன்னால் உயிர் பிழைக்கும்.

தனியார் பண்பலைகள் இதைச் செய்யலாமே என்று கேட்கலாம். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க நம் நாட்டில் அனுமதி இல்லை. அரசு வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், போக்குவரத்து, வானிலை போன்ற தகவல்களைச் சொல்லலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிகள் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் 50 வாட் அளவில் ஒலிபரப்பும் நிலையம் சுற்றுவட்டாரத்தைத் தாண்டாது. இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துப் பேசுகிற இடம் அரசு வானொலிக்கு மட்டும்தான் இருக்கிறது.

இனி பாட்டுக்கும் கூத்துக்கும் வருகிறேன். எனக்கு மிகவும் அக்கறை உள்ள இடம் இது.

நம் பக்கத்தில் தெருக்கூத்து இன்னும் நடக்கிற கலை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசி நாள் படுகளம் என்று ஊரே அதில்தான் கிடக்கும். களிமண்ணில் பெரிதாகத் துரியோதனனைப் படுக்கவைத்து, காலையில் பீமன் வேடக்காரர் தொடையில் அடிக்கும்போது கூட்டம் அடங்காது. ஆனால் இதை வானொலிக்குக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, இரவு முழுக்க நடக்கிற கர்ண மோட்சத்தை அரை மணிக்குச் சுருக்கச் சொல்வார்கள். ஏசி அறை, எதிரில் ஆள் இல்லை, சுவரில் கடிகாரம். கூத்துக்காரருக்குக் குரலே எழும்பாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சொல்கிற சிரிப்புக்குச் சிரிக்க ஆள் வேண்டாமா?

களத்துக்குப் போய்ப் பதிவு செய்தால் வேறு சிக்கல்கள் வரும். முகவீணை என்ற சின்ன ஊதுகுழலுக்குப் பக்கத்தில் மைக் வைத்தால் மற்ற எல்லாமே அமுங்கிவிடும். நடிப்பவர் ஆடிக்கொண்டே பாடுவதால் வாய் ஒரு இடத்தில் நிற்காது, கால் சலங்கைதான் குரலை விட முன்னே வந்து நிற்கும். பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால் அவர்கள் குரல் மட்டும் தெளிவாக விழும். நல்ல ஒலிப்பதிவாளர் என்ன செய்வார் தெரியுமா? பெஞ்சுக்கு ஒரு மைக், மத்தளத்துக்கு ஒன்று, கூட்டத்தைப் பார்த்து ஒன்று வைத்துவிட்டு, முதல் ஒரு மணி நேரம் எதையும் பதியாமல் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார். எந்த வேடக்காரர் எந்தப் பக்கம் அதிகம் போகிறார் என்பது பிடிபட்ட பிறகுதான் நடுவில் தொங்கும் மைக்கின் இடத்தை முடிவு செய்வார்.

எந்தப் பகுதியை எடுப்பது என்பதிலும் என் யோசனை ஒன்று உண்டு. முழுக் கதையையும் சுருக்க வேண்டாம். வேடம் முதன்முதலில் வரும் இடத்தை எடுங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னாலிருந்தே வேடக்காரர் விருத்தம் பாடுவார். களத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த நேரத்தில் ஆள் தெரியாது, குரல் மட்டும்தான். வீட்டில் வானொலி கேட்கிறவரும் களத்தில் இருப்பவரும் சமமாக இருக்கும் கட்டம் அது. திரை விலகியதும் கட்டியங்காரன் "யாரய்யா நீர்" என்று கேட்க, வேடம் தன் பெருமையைச் சொல்ல, பேச்சு நீளும். காதால் மட்டும் கேட்டாலே முழுசாகப் புரிகிற பகுதி. வாரம் ஒரு வேடம் என்று வைத்தால் ஒரு வருடத்துக்குத் துரியோதனன், அர்ஜுனன், திரௌபதி, இரணியன் என்று தீராமல் போகும். ஒவ்வொரு ஜமாவுக்கும் ஒரு பாணி இருப்பதால் ஒரே வேடத்தை இரண்டு ஜமா பாடிக் கேட்பதும் தனி ருசி.

பதிவு செய்ததில் ஒரு பிரதியை அந்த ஜமாவின் வாத்தியாருக்குக் கொடுத்துவிட வேண்டும். இதை எங்கு பேசினாலும் சொல்வேன். கிராமத்தில் பாடம் நோட்டில் பாதியும் மனசில் பாதியுமாக இருக்கிறது. வாத்தியார் போனால் அந்த மெட்டும் போய்விடும். நிலையத்தின் அலமாரியில் இருக்கும் ஒலிப்பதிவு அடுத்து ஆட வரும் பையன் காதுக்கும் போக வேண்டும்.

நடவுப்பாட்டு, ஒப்பாரி, பம்பை அடித்துப் பாடும் அம்மன் பாட்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த தலைமுறை இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டது. மோட்டார் வந்த பிறகு அந்தப் பாட்டுக்கு வேலை இல்லை, ஆனால் பாடத் தெரிந்தவர் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் வராது. அவர் கொல்லைக்கே கூட்டிப்போய்க் கிணற்றுமேட்டில் நிற்கவைத்துப் பாருங்கள், மாடு பின்னுக்கு வருகிற நடைக்கு எப்படி இழுப்பார், இறங்குகிற நடைக்கு எப்படி வேகம் கொடுப்பார் என்பது தானாக வரும்.

சாப்பாட்டு நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "தேவையான பொருட்கள், செய்முறை" என்று வாசிக்கிற சமையல் குறிப்புக்கு வானொலி வேண்டாம், அதைக் கைப்பேசி நன்றாகவே செய்கிறது. வானொலிக்கு உரியது சத்தம். ராகிக் களி கிண்டுகிற வீட்டில் மைக்கை வைத்துப் பாருங்கள். உலையில் நொய் கொதிக்கும் சத்தம் முதலில் கலகலவென்று இருக்கும், வெந்து குழைந்ததும் கனமாகிவிடும். மாவைக் குவித்துக் கொட்டி நடுவில் கோலால் குத்தி ஓட்டை போட்டதும், அந்த ஓட்டை வழியாக "புஸ்க், புஸ்க்" என்று மூச்சு விடுவது போலக் கேட்கும். வீட்டுப் பெரியம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மாவு வெந்ததா என்று சொல்வார், மூடியைத் திறந்து பார்க்க மாட்டார். பிறகு இறக்கி, பானையைக் காலால் அண்டக்கொடுத்து இரண்டு கையாலும் கிண்டும்போது கோல் பானையில் இடிக்கும் ஓசை. கட்டி தட்டாத களிக்கும் கட்டி தட்டின களிக்கும் அந்த ஓசையே வேறு. ஐந்து நிமிடத்தில், ஒரு அளவு கூடச் சொல்லாமல், கேட்கிறவருக்குக் களி கிண்டக் கற்றுக்கொடுத்துவிடலாம். கூடவே என்ன வைத்துச் சாப்பிடுவது என்ற பேச்சு வரும்: கொள்ளுக் கடைசலா, கீரையா, கருவாட்டுக் குழம்பா. அந்தப் பேச்சு சண்டையாகவே மாறும், மாறட்டும்.

சாமை விஷயம் கொஞ்சம் வேறு. 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததிலிருந்து சாமை, தினை என்றாலே சத்து, சர்க்கரை நோய் என்று நிபுணர்கள் பேசுகிறார்கள். சித்தேரியிலும் பென்னாகரத்திலும் சாமை விளைவிக்கிற வீட்டில் கேட்டால் பிரச்சினை வேறு: உமி. சாமைக்கு உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும், உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்கள் தலையில் விழுந்த வேலை. அந்த வேலைக்கு ஆள் இல்லாமல்தான் பல வீட்டில் சாமைச் சோறு ரேஷன் அரிசிக்கு வழிவிட்டது. ஆகவே சாமையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தால் நான் முதலில் கேட்பது "பக்கத்தில் உமி நீக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது, கிலோவுக்கு என்ன கூலி" என்பதாகத்தான் இருக்கும். சத்துப் பட்டியல் அப்புறம்.

பண்பாடு என்றதும் அதியமான், ஔவை, நெல்லிக்கனி என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடும் பழக்கமும் நமக்கு உண்டு. தருமபுரியின் பழைய பெயரான தகடூரின் பெருமையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வயல் வரப்பில் நிற்கும் நடுகற்களைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்? ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு, புலியோடு மோதி இறந்தவனுக்கு என்று கல் நட்டுப் பெயர் எழுதிவைத்த ஊர்கள் இங்கே ஏராளம். சில இடங்களில் ஊரார் அதை இன்னும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கல்வெட்டு அறிஞர் ஒருவரும் அதே கல்லுக்குப் பொங்கல் வைக்கிற பூசாரி ஒருவரும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றே பேசினால் அதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எது? பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவைப் பற்றி ஜூலை மாதம் மட்டும் ஒரு உரை வாசித்தால் போதாது, அவர் பாரதமாதா கோயிலுக்குக் கனவு கண்ட அதே ஊரில் பள்ளிப் பிள்ளைகளைப் பேசவைக்கலாம்.

ஒரு பெரிய குறை, மொழி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகள். தமிழ்ப் பேச்சிலேயே அந்தச் சாயல் இருக்கும். வானொலிக்கு வந்ததும் அவர்களை மேடைத் தமிழில் பேசவைத்தால் சொல்ல வந்தது பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். அறிவிப்பாளர் நல்ல தமிழில் பேசட்டும், பேட்டி கொடுக்கிறவர் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசட்டும். உள்ளூர் வானொலி தொடங்கியதன் நோக்கமே அதுதானே. இல்லாவிட்டால் ஓசூர்க்காரர் பெங்களூர் நிலையங்களைத்தான் திருப்புவார், இப்போதே திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

இவ்வளவும் ஏன் போதிய அளவு நடக்கவில்லை என்றால், ஆள் பற்றாக்குறை முதல் காரணம். ஓய்வு பெற்றவர் இடம் நிரம்புவதில்லை, பகுதி நேர அறிவிப்பாளர்கள் தலையில் பாரம் முழுக்க இருக்கிறது. ஆள் இல்லாத நேரத்துக்கு எளிய வழி, பெரிய நிலையத்தின் நிகழ்ச்சியை அஞ்சல் செய்வதோ திரைப்பாட்டுகளை ஓடவிடுவதோதான். வெளிப்புற ஒலிப்பதிவுக்கு வண்டியும் ஒரு நாள் முழுக்க ஆளும் வேண்டும், அதுதான் முதலில் வெட்டப்படுகிறது.

நேயர் செய்யக்கூடியதும் உண்டு. "உங்கள் நிகழ்ச்சி அருமை" என்ற கடிதம் வாசிக்கப்படும், அத்தோடு முடிந்தது. "எங்கள் ஊரில் இந்த மாதம் பாரதம் நடக்கிறது, இன்ன தேதியில் இன்ன கூத்து, இந்த ஜமா, வந்து பதியுங்கள்" என்று எழுதினால் அடுத்த காலாண்டு நிகழ்ச்சித் திட்டம் போடும்போது அதை எடுத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கும். ஒரே ஊரிலிருந்து ஐந்து பேர் எழுதினால் இன்னும் நல்லது. பாடுகிறவர்கள் குரல் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம், தேர்வானால் தரம் பிரித்து, தரத்துக்கேற்ற சன்மானம் தருவார்கள். உரை நிகழ்த்த விரும்பினால் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். ஐந்து நிமிட உரைக்கு முழுத்தாளில் இரண்டரைப் பக்கம் போதும். அதற்கு மேல் எழுதினால் மூச்சு வாங்க வாசிக்க வேண்டிவரும். கட்சியைத் தாக்கிப் பேசுவது, கடைப் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்வது இரண்டும் கூடாது.

ஓசூரிலோ மலை மறைவிலோ இருந்து "102.5 இரைகிறது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்பலை நேர்கோட்டில் போகிற அலை, நடுவில் மலை நின்றால் மறித்துவிடும். வத்தல்மலை, சித்தேரி மலைகளுக்கு அந்தப் பக்கம் இருந்தால் பெட்டியை ஜன்னலோரம் வைத்து ஏரியலை முழுக்க இழுத்துவிட்டுப் பாருங்கள். கைப்பேசிப் பண்பலைக்கு ஹெட்போன் வயர்தான் ஏரியல், அதைச் சுருட்டி வைக்காதீர்கள். அதிலும் எடுக்காவிட்டால் அகில இந்திய வானொலியின் நியூஸ்ஆன்ஏர் செயலியைப் போட்டு, அதில் தமிழ்நாட்டு நிலையங்களின் வரிசையில் தருமபுரியைத் தேடிப் பாருங்கள்.